ஒரு தங்கை, இரண்டு மேடைகள்

பாவலர் பாலசுந்தரம் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

யோசிக்காதீர்கள். பத்துப் பேரைக் கேட்டால் ஒன்பது பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். ஆனால் அதே பத்துப் பேரிடம் 'பராசக்தி' என்று சொல்லிப் பாருங்கள். பிறகு அவர்கள் வாயை மூடவைப்பதுதான் உங்கள் வேலை. சிவாஜி கணேசனின் முதல் படம் என்பார்கள். கருணாநிதியின் வசனம் என்பார்கள். கோர்ட் சீன் என்பார்கள். வீட்டில் பெரியவர் யாராவது இருந்தால் அந்த கோர்ட் சீனை அப்படியே பேசிக் காட்டவும் வாய்ப்பிருக்கிறது. எல்லாம் சரி. அந்தக் கதை யாருடையது?

பாவலர் பாலசுந்தரம் எழுதிய நாடகம் அது. தமிழறிஞர். தேவி நாடக சபா என்கிற குழு அதை ஊர் ஊராகப் போட்டுக்கொண்டிருந்தது. நாடகத்தின் பெயரும் 'பராசக்தி'தான்.

விஷயம் இத்தோடு முடிந்தால் இதில் எழுத ஒன்றுமில்லை. அதே சமயத்தில் இன்னொரு நாடகமும் ஓடிக்கொண்டிருந்தது. 'என் தங்கை' என்று பெயர். எழுதியவர் டி.எஸ். நடராஜன். நடத்தியது சக்தி நாடக சபா. பெயரைப் பார்த்தாலே தெரிகிறதல்லவா? அதுவும் ஓர் அண்ணன், ஒரு தங்கை, அந்தத் தங்கை படுகிற பாடு. இரண்டும் 1952ல் சினிமாவாகிவிட்டன. ஒன்றில் எம்.ஜி.ஆர். ஹீரோ. இன்னொன்றில் சிவாஜி. தமிழ்நாட்டை அடுத்த கால் நூற்றாண்டுக்கு இரண்டு கட்சியாகப் பிரித்து வைத்த இரண்டு நடிகர்கள், ஒரே வருடத்தில், ஏறத்தாழ ஒரே மாதிரி தங்கைக்காக அழுதிருக்கிறார்கள்.

இதில் ஒரு கூத்து உண்டு. 'என் தங்கை' நாடகத்தில் மேடையில் நடித்துக்கொண்டிருந்தவர் கணேசன். படமானபோது நடித்தவர் எம்.ஜி.ஆர். கணேசன் போய்ச் சேர்ந்த இடம் எதிர்முகாம் கதையான 'பராசக்தி'. எப்படி நடந்தது இந்த இடமாற்றம்?

*

முதலில் நாடகக் கம்பெனி என்றால் என்ன என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். இல்லாவிட்டால் மிச்சக் கதை புரியாது.

இன்றைக்கு நமக்கு நாடகம் என்றால் சபாவில் சாயங்காலம் ஏழு மணி, ஒண்ணரை மணி நேரம், இடைவேளையில் போண்டா. அன்றைய நாடகக் கம்பெனி வேறு ஜாதி. அது ஒரு நடமாடும் கிராமம். படுதா, சீன், ஆர்மோனியம், சமையல் பாத்திரம் உள்பட அத்தனையையும் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் விட்டு ஊர் போகும். ஓர் ஊரில் வசூல் இருக்கிறவரை இருக்கும். வசூல் படுத்தால் அடுத்த ஊர். இதில் பாய்ஸ் கம்பெனி என்று ஒரு வகை. சங்கரதாஸ் சுவாமிகள் 1918ல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவெல்லாம் அந்த வகைதான். நடிப்பவர்கள் அத்தனை பேரும் சிறுவர்கள். ராஜாவும் அவர்கள்தான். ராணியும் அவர்கள்தான்.

ஏழு வயது, எட்டு வயதில் சேர்த்துவிட்டுப் போய்விடுவார்கள். சாப்பாடு கம்பெனியுடையது. தூக்கம் கம்பெனியுடையது. அடியும் கம்பெனியுடையது. பாட்டு, வசனம், சண்டை, நடனம் எல்லாம் மனப்பாடம். மைக் கிடையாது அல்லது இருந்தாலும் நம்ப முடியாது. கடைசி வரிசையில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருப்பவன் காதில் விழவேண்டும். விழாவிட்டால் சோடா பாட்டில் பேசும். பின்னாளில் சிவாஜி உரக்கப் பேசுகிறார், மிகையாக நடிக்கிறார் என்று குறை சொன்னவர்கள் யாரும் அந்தக் கடைசி வரிசையை யோசித்ததில்லை.

அந்தப் பட்டறையில்தான் கணேசன் வளர்ந்தார். சிறுவனாக யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் கம்பெனியில் சேர்ந்து, பெண் வேடங்கள் போட்டு, வளர்ந்து, அலைந்து. 1940களின் நடுவில் அண்ணா எழுதிய 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்' நாடகத்தில் மராட்டிய மன்னனாக நடித்தார். பார்த்த பெரியார் அவரை சிவாஜி என்று அழைக்க, விழுப்புரம் சின்னையா கணேசன், சிவாஜி கணேசன் ஆனார். பெயர் வந்துவிட்டது. வாய்ப்பு? அதுதான் வரவில்லை.

*

இப்போது பி.ஏ. பெருமாள் முதலியார் வருகிறார். வேலூர்க்காரர். நாஷனல் பிக்சர்ஸ் என்று கம்பெனி வைத்திருந்தவர்.

மேடையில் ஜனம் எதற்கு அழுகிறது, எதற்குக் கைதட்டுகிறது என்று பார்த்து அதைப் படமாக்குவது அன்றைக்கு சினிமா முதலாளிகளின் பாதுகாப்பான வியாபார முறை. காமர்ஸ் படித்தவன் புத்தி இந்த இடத்தில் கணக்குப் போடாமல் விடாது. ஒரு நாடகக் குழு ஒரு ராத்திரியில் ஒரே ஓர் ஊரில்தான் நடிக்க முடியும். திருச்சியில் படுதா தூக்கினால் மதுரையில் தூக்க முடியாது. சினிமா அப்படியில்லை. பிரதி எடுக்க எடுக்க ஊர் கூடும். ஆயிரம் பேர் பார்த்த கண்ணீரை லட்சம் பேருக்கு விற்கலாம். தவிர, நாடகமாக ஓடி ஜெயித்த கதை என்றால், அது ஏற்கெனவே பரீட்சை எழுதி பாஸ் செய்த கதை. ரிஸ்க் குறைவு. அண்ணாவின் 'வேலைக்காரி' நாடகம் 1949ல் படமாகிப் பெரிய வெற்றி பெற்றதை எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

பெருமாள் முதலியார் 'பராசக்தி' நாடகத்தின் உரிமையை வாங்கினார். கூட்டு சேர்ந்தவர் ஏ.வி. மெய்யப்பச் செட்டியார். ஸ்டூடியோ அவருடையது. இயக்கம், கிருஷ்ணன்-பஞ்சு.

நடுவில் இன்னொரு யோசனையும் ஓடியது. 'பராசக்தி', 'என் தங்கை' இரண்டையும் சேர்த்து ஒரே படமாக எடுத்தால் என்ன? இரண்டிலும் தங்கை. இரண்டிலும் கண்ணீர். கலந்தால் இரட்டிப்பு. ஆனால் டி.எஸ். நடராஜன் ஒப்புக்கொள்ளவில்லை. தன் நாடகத்தை அசோகா பிக்சர்ஸுக்குக் கொடுத்துவிட்டார். அங்கேதான் எம்.ஜி.ஆர். வருகிறார். 'என் தங்கை' முந்திக்கொண்டு, 'பராசக்தி'க்குச் சில மாதங்கள் முன்பே திரைக்கு வந்தும்விட்டது.

ஒரு நாடகாசிரியர் மறுத்தார். தன் கதை தன் பெயரோடு, தன் தலைப்போடு வரட்டும் என்றார். இன்னொருவர் கொடுத்தார். கொடுத்த கதை, கொடுத்தவரையே மறைக்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டது. எது லாபம், எது நஷ்டம்? பேலன்ஸ் ஷீட்டில் இதற்கெல்லாம் வரி கிடையாது.

*

திரைக்கதை, வசனம் எழுத அழைக்கப்பட்டவருக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. மு. கருணாநிதி.

புதியவர் அல்ல. 1947ல் 'ராஜகுமாரி', 1950ல் 'மருதநாட்டு இளவரசி', 'மந்திரி குமாரி' என்று எழுதியவர். கவனியுங்கள், எல்லாம் ராஜா ராணிக் கதைகள். வாள் இருக்கும், சிம்மாசனம் இருக்கும். சொல்ல வந்த கருத்தை மந்திரி வாயிலோ தளபதி வாயிலோ வைத்துச் சொல்லியாக வேண்டும். 'பராசக்தி' அப்படியல்ல. இதில் இட்லிக் கடை இருக்கிறது. பிச்சைக்காரர்கள் இருக்கிறார்கள். பிளாக் மார்க்கெட்காரன் இருக்கிறான். கோயில் பூசாரி இருக்கிறான். நீதிபதி இருக்கிறார். அதாவது, தியேட்டருக்கு வெளியே என்ன இருந்ததோ அது அத்தனையும் உள்ளேயும் இருந்தது.

ஹீரோவுக்கு வருவோம். சக்தி நாடக சபாவின் 'நூர்ஜஹான்' நாடகத்தில் நூர்ஜஹானாகவே நடித்த கணேசனைப் பார்த்திருந்தார் பெருமாள். பெண் வேடத்தில் பார்த்து ஒருவரை ஹீரோவாகத் தேர்ந்தெடுப்பதென்றால் அதற்குத் தனிக் கண் வேண்டும். சென்னைக்கு விமான டிக்கெட் எடுத்துக் கொடுத்து வரவழைத்தார். சம்பளம், மாதம் 250 ரூபாய்.

செட்டியாருக்கு மனசு ஒப்பவில்லை. அவர் மனத்தில் இருந்தவர் கே.ஆர். ராமசாமி. 'வேலைக்காரி' ஹீரோ. பாடத் தெரிந்தவர், பெயர் பெற்றவர். எதிரே நிற்கிற பையனோ ஒல்லி. நாடகக் கம்பெனிச் சாப்பாடு அவ்வளவுதான் உடம்பு வைத்திருந்தது. சில ஆயிரம் அடி படம் எடுத்த பிறகுகூட, ஆளை மாற்றிவிடலாமா என்ற பேச்சு வந்தது. இன்றைக்குப் படிக்கும்போது சிரிப்பு வரலாம். அன்றைய நிலையில் யோசித்துப் பாருங்கள். போட்ட பணம் செட்டியாருடையதும்தானே? முகம் தெரியாத ஒரு நாடகக்காரனை நம்பி எவ்வளவு தூரம் போவது?

பெருமாள் அசையவில்லை. கணேசன்தான் ஹீரோ. மாற்ற முடியாது. செட்டியாருக்குப் பிடிக்காத ஆரம்பக் காட்சிகள் மறுபடி எடுக்கப்பட்டன. கணேசன் முதன்முதலில் கேமரா முன் பேசிய சொல் 'சக்சஸ்' என்பார்கள். அந்த இடத்தில் பிற்பாடு ஏவி.எம். ஸ்டூடியோவில் ஒரு நினைவுச் சின்னமே வைத்தார்கள். அதே ஸ்டூடியோதான், அதே ஆள்தான். கடைசிவரை பொங்கலுக்கு சிவாஜி வேலூருக்குப் போய் பெருமாள் முதலியாரைப் பார்த்து வணங்கிவிட்டு வருவதை வழக்கமாகவே வைத்திருந்தார்.

*

சரி, கதை என்ன?

மதுரையில் ஓர் அப்பா, ஒரு மகள். மகள் பெயர் கல்யாணி. மூன்று அண்ணன்கள் ரங்கூனில். சந்திரசேகரன், ஞானசேகரன், குணசேகரன். தங்கைக்குக் கல்யாணம். யுத்த காலம். கப்பலில் இடமில்லை. ஒரே ஒருவர்தான் வரமுடியும். கடைசி அண்ணன் குணசேகரன் கிளம்புகிறான். கப்பல் வந்து சேர்வதற்குள் இங்கே கல்யாணம் முடிந்து, குழந்தை பிறந்து, அன்றே கணவன் விபத்தில் இறந்து, அதிர்ச்சியில் அப்பாவும் போய், வீடு ஏலத்துக்குப் போய்விடுகிறது. சென்னையில் இறங்கிய குணசேகரன் கையிலிருந்ததையெல்லாம் பறிகொடுக்கிறான். தங்கை இட்லி விற்றுப் பிழைக்கிறாள். அண்ணன் பைத்தியக்காரனாக வேஷம் போட்டு அவளைச் சுற்றிச் சுற்றி வருகிறான். யாரென்று சொல்லமாட்டான்.

மூன்று அண்ணன்களும் எங்கே போனார்கள்? ரங்கூனில் குண்டு விழுகிறது. மற்ற இருவரும் நடந்தே இந்தியாவுக்குக் கிளம்புகிறார்கள். வழியில் பிரிகிறார்கள். ஒருவன் காலை இழந்து பிச்சைக்காரனாகிறான். இன்னொருவன் பிழைத்து வந்து திருச்சியில் நீதிபதியாகிறான்.

என்னடா இது, நம்ப முடியாத கதையாக இருக்கிறதே என்று இன்றைக்குத் தோன்றும். 1952ல் அரங்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அப்படித் தோன்றியிருக்காது. ஏன் தெரியுமா?

1941 டிசம்பர் 23. ஜப்பான் விமானங்கள் ரங்கூன் மீது குண்டு போட்டன. 1942 மார்ச்சில் நகரமே ஜப்பான் கைக்குப் போய்விட்டது. அந்த ரங்கூன் எப்படிப்பட்ட ஊர்? 1931 மக்கள்தொகைக் கணக்குப்படி அங்கே பாதிக்கு மேல் இந்தியர்கள். பர்மா முழுக்க சுமார் 10 லட்சம் இந்தியர்கள். தமிழர், தெலுங்கர், வங்காளி, ஒரியர். மூட்டை தூக்கியவர்களும் உண்டு, வட்டிக்கு விட்டவர்களும் உண்டு. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நாலில் ஒரு பங்கு நிலம் 1930களின் இறுதியில் நகரத்தார் கைக்கு வந்திருந்தது. கடனைத் திருப்பிக் கட்ட முடியாத விவசாயிகளின் நிலம். பர்மியர்களுக்கு அதில் இருந்த கோபத்தைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

குண்டு விழுந்ததும் ஓட்டம். கப்பலில் இடம் பிடித்தவர்கள் கொஞ்சம். மற்றவர்கள் நடந்தார்கள். அரக்கான் வழியாக, மணிப்பூர், அஸ்ஸாம் மலைகள் வழியாக. நாலு முதல் ஐந்து லட்சம் பேர் பர்மாவை விட்டு வெளியேறியதாகக் கணக்கு. காலராவிலும் பசியிலும் மலேரியாவிலும் பல்லாயிரம் பேர் வழியிலேயே செத்தார்கள். தமிழ்நாட்டில் அன்றைக்கு, குறிப்பாகத் தென் மாவட்டங்களில், சொந்தத்தில் ஒரு பர்மாக்காரராவது இல்லாத தெரு குறைவு. நடந்து வந்தவர் இருப்பார். வராதவருக்காகக் காத்திருக்கும் மனைவி இருப்பாள்.

இன்னொன்று. பர்மா போனதோடு பர்மா அரிசியும் போனது. ரேஷன் வந்தது. க்யூ வந்தது. பதுக்கல் வந்தது. யுத்தம் முடிந்து ஏழு வருடம் ஆகியும் கட்டுப்பாடு தீரவில்லை. சென்னை மாநிலத்தின் முதலமைச்சராக வந்த ராஜாஜி 1952 ஜூனில்தான் உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார். 'பராசக்தி' வெளியானது அதே வருடம் அக்டோபர் 17. தீபாவளி. நாலு மாதம் முன்புவரை ரேஷன் பையோடு நின்ற கைதான் டிக்கெட் வாங்கக் கவுன்ட்டரில் நீண்டது. திரையில் பிளாக் மார்க்கெட்காரனைப் பார்த்ததும் அந்தக் கை என்ன செய்திருக்கும்? தட்டாமல் இருந்திருக்குமா?

ஆகவே, கதை நம்ப முடியாததல்ல. கொஞ்சம் வேகமாகச் சொல்லப்பட்ட உண்மை.

*

இப்போது அந்த இரண்டு தங்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள்.

'என் தங்கை' படத்தின் முடிவு என்ன? தங்கை இறந்துபோகிறாள். அண்ணன் எம்.ஜி.ஆர். அவள் உடலைத் தூக்கிக்கொண்டு கடலுக்குள் நடக்கிறார். அவ்வளவுதான். பின்னாளில் திரையில் அபூர்வமாகவே சாகிற நாயகனாக இருந்த எம்.ஜி.ஆர். அப்படி ஒரு முடிவில் நடித்திருக்கிறார் என்பதே பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். மேடை வழியாக வந்த பழைய முடிவு அது. விதி. தலையெழுத்து. அழுதுவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

'பராசக்தி'யின் கல்யாணியும் சாகத்தான் போகிறாள். கோயிலில் அடைக்கலம் தேடினால் பூசாரி கையைப் பிடித்து இழுக்கிறான். பிழைக்க வழியில்லை. குழந்தையை ஆற்றில் வீசுகிறாள். தானும் குதிக்கப் போகும்போது போலீஸ் பிடித்துவிடுகிறது. கோர்ட்டில் நிறுத்துகிறார்கள். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நீதிபதி, சொந்த அண்ணன். அவனுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும்போது மயங்கி விழுகிறான். இன்னொரு பக்கம் பூசாரியைத் தாக்கிய குற்றத்துக்காகக் குணசேகரன் கூண்டில் நிற்கிறான். வக்கீல் இல்லை. அவனே பேசுகிறான்.

அந்தப் பேச்சைப் பற்றி எவ்வளவோ எழுதியாகிவிட்டது. அடுக்குமொழி, எதுகை, மோனை, மூச்சு, ஏற்ற இறக்கம். எல்லாம் உண்மைதான். ஆனால் அங்கே நடந்த காரியம் மொழிக்கு அப்பாற்பட்டது. குற்றவாளிக் கூண்டு திரும்பிக்கொண்டது. அவள் ஏன் குழந்தையை வீசினாள், யார் வீச வைத்தார்கள் என்று கேள்வி நீதிமன்றத்தை நோக்கி, ஊரை நோக்கி, கோயிலை நோக்கி, அரசாங்கத்தை நோக்கிப் போகிறது. ஒரு தங்கையின் கண்ணீர், விதியிடமிருந்து வழக்காக மாறுகிற இடம் அது. விதியிடம் முறையிடலாம். பதில் வராது. அரசாங்கத்திடம் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் மாற்றலாம்.

கல்யாணி சாகவில்லை. குழந்தையும் சாகவில்லை. ஆற்றில் படகில் விழுந்த குழந்தையை விமலா காப்பாற்றியிருக்கிறாள். குடும்பம் ஒன்று சேர்கிறது. ஆதரவற்றோருக்கு இல்லம் அமைப்பதில் படம் முடிகிறது. கடலுக்குள் நடப்பதைவிட இது எவ்வளவோ தேவலாம் இல்லையா?

படத்தில் மேடையின் வாசனை போகவே இல்லை என்பதையும் சொல்லவேண்டும். கேமரா பெரும்பாலும் அடக்க ஒடுக்கமாக நிற்கிறது. பேசுகிறவர்கள் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். சினிமா என்பது காட்சி ஊடகமல்லவா என்று கேட்கலாம். கேட்கிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அந்தக் கூட்டத்தில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்தான் அதிகம். அவர்களுக்குப் பத்திரிகை இல்லை, புத்தகம் இல்லை. காதுதான் இருந்தது. கிருஷ்ணன்-பஞ்சு அந்தக் காதுகளுக்காக எடுத்தார்கள்.

தவிர, அந்தப் படத்தில் யார் யார் இருந்தார்கள் என்று பாருங்கள். கால் இழந்த ஞானசேகரனாக எஸ்.எஸ். ராஜேந்திரன். நீதிபதியாக எஸ்.வி. சஹஸ்ரநாமம். எல்லோரும் நாடக மேடையில் பழுத்தவர்கள். கல்யாணியாக ஸ்ரீரஞ்சனி, விமலாவாகப் பண்டரிபாய். இசை ஆர். சுதர்சனம். சிவாஜிக்குப் பாடியவர் சி.எஸ். ஜெயராமன். டி.எம். சௌந்தரராஜன் குரல் அவருக்கு இன்னும் வந்து சேரவில்லை. பாட்டெழுத அழைக்கப்பட்ட கண்ணதாசன், பாட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டு கோர்ட் காட்சியில் ஓர் ஓரமாகத் தலைகாட்டினார். படத்தில் எப்படியாவது இருந்துவிட வேண்டும் என்கிற ஆசை. அடுத்த முறை டிவியில் போட்டால் தேடிப் பாருங்கள்.

*

படம் வந்தது. ஊர் இரண்டுபட்டது.

தலைப்பைப் பார்த்து பக்திப் படம் என்று நினைத்துப் போனவர்களும் உண்டு. அவர்களுக்கு அம்மன் சிலைக்குப் பின்னாலிருந்து குணசேகரன் குரல் கேட்டபோது எப்படி இருந்திருக்கும்! தடை செய்யவேண்டும் என்று கோரிக்கைகள் எழுந்தன. பத்திரிகைகளில் கண்டனங்கள். மத விரோதம், சட்ட விரோதம், ஒழுக்க விரோதம்.

ராஜாஜிக்கு சினிமாவே ஆகாது. அவர் அரசாங்கம் நினைத்தால் நிறுத்தியிருக்கலாமே என்று தோன்றும். இங்கேதான் ஒரு சட்ட நுணுக்கம் குறுக்கே வந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் தணிக்கை மாகாணத்தின் கையில் இருந்தது. சென்னையில் போலீஸ் கமிஷனர் தலைமையில் நடக்கும். 1951 ஜனவரியில் மத்தியத் தணிக்கை வாரியம் வந்துவிட்டது. சான்றிதழ் கொடுப்பது இப்போது மத்திய அரசின் வாரியம். மாநிலம் மறுபரிசீலனை கேட்கலாம். கேட்டது. தடை வரவில்லை. ஓடுகிற படம் ஓடியது. தடை செய்யப் போகிறார்கள் என்ற வதந்தி பரவினால் தியேட்டர் வாசலில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். அதற்குள் பார்த்துவிட வேண்டாமா?

மதுரையில் தங்கம் தியேட்டர் திறந்ததே 'பராசக்தி'யோடுதான். 2,500 பேருக்கு மேல் உட்காரலாம். ஆசியாவிலேயே பெரியது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்ட கொட்டகை. இன்று அது இல்லை, இடித்தாகிவிட்டது. கதையின் ஊரே மதுரை என்பதால் அங்கே கொண்டாட்டம் கூடுதல். கொழும்பில் மைலன் தியேட்டரில் சுமார் 40 வாரம். வசனம் இசைத்தட்டாக வந்தது. பாட்டு இசைத்தட்டு வாங்குவது போல வசன இசைத்தட்டு வாங்கினார்கள். கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில் கோர்ட் சீன்! சென்னை மூர் மார்க்கெட் பக்கம் நீள நீள வசனங்களைப் பேசிக் காட்டிக் காசு வாங்கியவர்கள் இருந்தார்கள். மேடையிலிருந்து திரைக்குப் போன வசனம், திரையிலிருந்து தெருவுக்கு இறங்கிவிட்டது.

கேலிக்கும் குறைவில்லை. ஒரு பத்திரிகை 'பரப்பிரம்மம்' என்று தலைப்பிட்டுக் கிண்டலடித்தது. கருணாநிதி என்ன செய்தார்? அதே தலைப்பில் ஒரு நாடகம் எழுதிவிட்டார். படத்தை அடிக்க எறிந்த கல்லை எடுத்துப் படிக்கட்டாகப் போட்டுக்கொண்ட மாதிரி.

அரசாங்கம் சும்மா இருந்துவிட்டதா? இல்லை. சினிமா கைநழுவிப் போய்விட்டது. நாடகம் மாநிலத்தின் கையில்தானே இருக்கிறது? 1954ல் சென்னை நாடக நிகழ்ச்சிகள் சட்டம் வந்தது. எம்.ஆர். ராதாவை மனத்தில் வைத்துத்தான் அந்தச் சட்டம் வந்தது என்று அன்றைக்கே பேசிக்கொண்டார்கள். அவர் ஒரே நாடகத்தைப் பெயர் மாற்றிப் போட்டு போலீஸைச் சுற்றலில் விட்டவர். வேடிக்கை என்னவென்றால், அதே 1954ல் பெருமாள் முதலியாரும் கிருஷ்ணன்-பஞ்சுவும் ராதாவை வைத்து இன்னொரு நாடகத்தைப் படமாக்கி வெளியிட்டார்கள். 'ரத்தக்கண்ணீர்'. திருவாரூர் கே. தங்கராசு எழுதிய நாடகம். மேடைக்குப் பூட்டு தயாரான வருடத்தில், மேடை மறுபடியும் திரை வழியாகத் தப்பித்துக்கொண்டது.

*

அரசியல் கணக்கையும் பார்த்துவிடுவோம். தி.மு.க. தொடங்கியது 1949. 1952 பொதுத்தேர்தலில் அது போட்டியிடவில்லை. அந்த வருடம் அதற்குச் சட்டமன்றத்தில் நாற்காலி இல்லை. திரையில் ஒரு நீதிமன்றம் இருந்தது. 1957ல் முதன்முறையாகத் தேர்தலில் நின்றது. 15 இடம். 1967ல் ஆட்சி. ஒரு சினிமாவால் ஆட்சி வந்தது என்று சொன்னால் அது அபத்தம். உணவுப் பஞ்சம், இந்தி எதிர்ப்பு, கூட்டணி என்று ஆயிரம் காரணங்கள். ஆனால் அரசாங்கத்தைக் கூண்டில் நிறுத்திக் கேள்வி கேட்கலாம் என்ற எண்ணத்தை, எழுத்து வாசனை இல்லாத ஒருவருக்கு அதிகச் செலவில்லாமல், தரை டிக்கெட்டில் கற்றுக்கொடுத்த இடங்களில் அந்தக் கொட்டகை ஒன்று.

கணேசன் அந்தக் கட்சியில் நிலைக்கவில்லை என்பதும், எம்.ஜி.ஆர். அங்கே போய்ச் சேர்ந்து பின்னர் பிரிந்து ஆட்சியையே பிடித்தார் என்பதும் தனிக் கதை. கழகத்தின் குரலாக ஒலித்தவர் வெளியேறிவிட்டார். கடலுக்குள் நடந்தவர் கோட்டைக்குள் நடந்தார்.

இதில் எல்லோருக்கும் ஏதோ ஒன்று கிடைத்திருக்கிறது, கவனித்தீர்களா? சிவாஜிக்கு ஒரு வாழ்க்கை. கருணாநிதிக்கு தமிழ்நாடு முழுக்க ஒரு பெயர். செட்டியாருக்கும் முதலியாருக்கும் லாபம். மதுரைக்கு ஒரு தியேட்டர். அரசாங்கத்துக்கு ஒரு தலைவலி. பாவலர் பாலசுந்தரத்துக்கு?

நாடகத்தின் விதி அது. மேடையில் பேசியது அன்றைய ராத்திரியோடு போய்விடும். படுதா இறங்கினால் முடிந்தது. பிலிமில் ஏறியதுதான் நிற்கும், அதுவும் பேசியவர் குரலில், எழுதியவர் நடையில். ரங்கூனில் மூன்று அண்ணன்களையும் மதுரையில் ஒரு தங்கையையும் முதலில் கற்பனை செய்தவர், அவர்களைக் கையைப் பிடித்து மேடைக்கு அழைத்து வந்தவர், ஒரு ஓரமாக நின்றுவிட்டார். யாரும் திட்டமிட்டு மறைத்ததாகச் சொல்ல முடியாது. பெரிய மரத்தடியில் சின்னச் செடிக்கு வெயில் கிடைப்பதில்லை. அவ்வளவே.

அடுத்த முறை யாராவது அந்த கோர்ட் சீனைப் பேசிக் காட்டும்போது கைதட்டுங்கள். தட்டத் தக்க விஷயம்தான். தட்டி முடித்ததும், மூலக்கதை பாவலர் பாலசுந்தரம் என்று ஒருமுறை சொல்லுங்கள். கேட்பவர் யார் அவர் என்பார். சொல்வதற்கு இப்போது உங்களிடம் ஒரு கதை இருக்கிறது.